பலாமரத்தை எரித்த பையன்

எங்கள் மாகறல் கோயிலுக்கு ஒரு தலபுராணக் கதை உண்டு. உடும்பு கதை எல்லாருக்கும் தெரியும். ராஜேந்திர சோழன் பொன் உடும்பைத் துரத்தி வந்தான், அது புற்றுக்குள் போய் ஒளிந்தது, உடும்பின் வால் மாதிரி லிங்கம் கிடைத்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்லுவாங்க. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின பாதி.

ஊரில் ஒரு பலாமரம். தினம் ஒரு பழம் பழுக்கும். பழத்தைச் சாமிக்குப் படைத்துவிட்டு, பிறகு ராஜாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துத் தலையில் சுமந்து நடக்கணும். ஒருநாள் ஒரு பையனின் முறை வந்தது. பழம் வருவதால்தானே இந்தச் சுமை என்று யோசித்தவன் மரத்தையே எரித்துவிட்டான். ராஜா கூப்பிட்டு விசாரித்தார். மரம்தான் இல்லையே, இனி யாரையும் சுமக்கச் சொல்லி என்ன பயன்? பையனுக்கு நாடு கடத்தல் தண்டனை. கதை அங்கிருந்து உடும்புக்குத் தாவிவிடுகிறது. பையன் என்ன ஆனான் என்பதில் கதைக்கு அக்கறையில்லை.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது பையன் செய்தது அநியாயம் என்றுதான் தோன்றியது. அருமையான மரம். இப்போது வேறு கேள்வி வருகிறது. "எங்களால சுமக்க முடியல" என்று சொல்ல அந்த ஊரில் இடம் இருந்ததா? முறை இருந்தது, முறைக்குள் ஒழுங்கு இருந்தது, தட்டிக் கேட்க ஒரு திண்ணைகூட இல்லை. முறையாவது சமமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு ஒரு நாள். ஆனால் அந்த முறையை வைத்தது யார்?

ஜனநாயகத்தில் சண்டைக்கு என்ன இடம், சட்டத்துக்கு என்ன இடம் என்று சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாக்கியவெல்லி, அம்பேத்கர், கிளாட் லெஃபோர், ஷந்தால் மூஃப் என்று கை போகிற பக்கமெல்லாம். படிக்கப் படிக்க, இந்த விவாதம் முழுக்க எங்கள் ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே நடக்கிறது என்று தோன்றியது. தெற்கே உத்திரமேரூர். வடக்கே காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பரந்தூர், ஏகனாபுரம். அதனால் குறிப்பை இங்கிருந்தே எழுதுகிறேன்.

முதலில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். குடவோலை முறை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாதே என்பதற்காக விரல் எப்படி இருக்க வேண்டும் என்பது வரைக்கும் சட்டம். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி. மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தக்காரர்களும் வர முடியாது. யார் யார் சொந்தம் என்று ஒரு நீளமான பட்டியல் வேறு.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேசியதில் உத்திரமேரூர் வந்தது. அதற்கு எழுபத்திரண்டு வருஷம் முன்பே, 1948 நவம்பரில், அரசியல் நிர்ணய சபையில் டி. பிரகாசம் இதே கல்வெட்டைச் சொல்லிக் கிராமப் பஞ்சாயத்துக்காக வாதாடினார். அன்றைக்கும் இன்றைக்கும் வாதம் ஒன்றுதான்: நம்மிடம் ஏற்கனவே ஜனநாயகம் இருந்தது.

இருந்ததா? ஓலையில் பெயர் எழுதத் தகுதி என்ன என்று பாருங்கள். இறை கொடுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதம் ஓதத் தெரிந்து அதைச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருக்கணும். வேதமும் பாஷியமும் இன்னும் ஆழமாகத் தெரிந்தால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை. இது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. உழுதவர், நெய்தவர், ஏரியில் மண் சுமந்தவர், பெண்கள், யாருக்கும் குடத்தில் ஓலை இல்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, கல்வெட்டிலேயே இருக்கிறது. விழா மேடைகளில் இந்தப் பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று அதில் உண்டு. 919 கல்வெட்டில் வயது வரம்பு 30லிருந்து 60. இரண்டே வருஷத்தில் 35லிருந்து 70 ஆகிவிட்டது. விதிகளும் விரிவாகிவிட்டன. ஏன்? துஷ்டர்கள் ஒழிந்து மற்றவர்கள் நன்றாக வாழ இந்த ஏற்பாடு என்கிற பொருளில் கல்வெட்டே ஒரு காரணம் சொல்கிறது. ஆக இரண்டு வருஷத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. யாரோ பணத்தை அமுக்கியிருக்கலாம், மைத்துனனை நுழைத்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் சித்தி மகன், மாமன் என்று சொந்தத்தை அவ்வளவு கவனமாகப் பட்டியல் போடுகிறவன் பட்டவனாகத்தான் இருப்பான். நாம் அமைதிக்குச் சாட்சி என்று கொண்டாடுகிற கல், உண்மையில் ஒரு சண்டையின் தழும்பு. சண்டை பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது விட்டுப்போன சட்டம் மட்டும் இருக்கிறது.

இங்கேதான் மாக்கியவெல்லி நினைவுக்கு வருகிறார். சூழ்ச்சிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய 'இளவரசன்' மட்டும் போதும் என்று பலரும் நிறுத்திக்கொள்கிறோம். லிவியின் ரோம வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய 'உரைகள்' என்கிற புத்தகம், அவர் செத்து நான்கு வருஷம் கழித்து 1531இல் அச்சானது. அதன் முதல் பாகம் நான்காம் அத்தியாயத்தில், அன்றைக்கு எல்லாரும் சொன்னதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறார். ரோமில் பிரபுக்களுக்கும் சாமானியருக்கும் ஓயாமல் சண்டை, தெருவில் கூச்சல், கடையடைப்பு, ஜனங்கள் ஊரை விட்டே வெளியேறினார்கள். இதெல்லாம் ரோமின் நோய் என்று மற்றவர்கள் சொல்ல, ரோமின் சுதந்திரத்துக்கு முதல் காரணமே அதுதான் என்கிறார். எப்படி? கி.மு. 494இல் சாமானியர்கள் ஊரை விட்டு வெளியே போய்க் குன்றில் உட்கார்ந்துகொண்டதால்தான் திரிபியூன் என்கிற பதவி வந்தது. சாமானியர் சார்பில் பிரபுக்களைத் தடுக்க ஒரு பதவி. சண்டை சட்டமாக முடிந்தது.

சண்டை எல்லாமே நல்லது என்று அவர் சொல்லவில்லை. இதை விட்டுவிட்டுப் படிப்பவர்கள் அதிகம். பிறகு எழுதிய 'ஃப்ளாரன்ஸ் வரலாறு' நூலில் தன் சொந்த ஊரை ரோமோடு ஒப்பிடுகிறார். ரோமில் சண்டை சட்டத்தில் முடிந்தது. ஃப்ளாரன்ஸில் பலருடைய சாவிலும் நாடு கடத்தலிலும் முடிந்தது என்கிறார். ரோமில் முந்நூறு வருஷத்துக்கு மேல் நாடு கடத்தப்பட்டவர்கள் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இல்லை என்று 'உரைகள்' நூலில் கணக்கே காட்டுகிறார். சொல்பவரோ 1512இல் மெடிச்சி குடும்பம் திரும்பி வந்ததும் பதவி பறிபோய், அடுத்த வருஷம் சித்திரவதைப்பட்டு, ஊருக்கு வெளியே தன் தோட்ட வீட்டில் போய் முடங்கியவர். அந்தக் கணக்கை அவர் எந்த மனநிலையில் எழுதியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன்.

இதை வைத்து நம்மூரைப் பார்த்தால், காஞ்சிபுரத்து வடகலை தென்கலை வழக்கு ஒரு வேடிக்கையான ரோம். வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் முதலில் ஓதுவது, யார் எங்கே நிற்பது, யானைக்கு எந்த நாமம் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டு படியேறிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வப்போது கைகலப்பு, வீடியோ, போலீஸ். சிரிக்கிறோம். ஆனால் சண்டை ஓயாததால்தான் தீர்ப்புகளாக ஒரு அடுக்கு சேர்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஊரிலேயே இருக்கிறது. யாரையும் யாரும் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் எல்லையில் விடவில்லை.

சிரிப்பு வராத ஃப்ளாரன்ஸும் நம்மிடம் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், அதன்படி 1996 தேர்தல். தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு முருகேசன் வந்தார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் கொலைகூடத் தேவைப்படவில்லை. பத்து வருஷம் தேர்தலை நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். நடந்தால், ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டிய ஒருவர் ஜெயித்துப் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். 2006இல்தான் ஒழுங்காக ஒரு தேர்தல் நடந்தது. அந்தப் பத்து வருஷமும் அந்த ஊர்களில் பெரிய சத்தம் இல்லை. கேட்டால் "எங்க ஊர் ஒத்துமையா இருக்குதுங்க" என்பதுதான் பதில்.

இந்த ஒற்றுமைதான் எனக்குப் பயம். 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசியதற்குக் காரணமும் இதுதான் என்று படுகிறது. கிராமத்தில் சண்டை இருக்கிறது என்பதல்ல அவருடைய புகார். சண்டை போடவே முடியாத ஓர் ஒழுங்கு அங்கே இருக்கிறது என்பதுதான். இட ஒதுக்கீட்டுச் சட்டம் மேலவளவில் புதிதாகச் சண்டையைக் கொண்டுவந்து போட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு விதத்தில் சரி. மூடியிருந்ததைச் சட்டம் திறந்தது. சட்டம் என்றால் சண்டையைத் தீர்க்கிற கருவி என்று மட்டும் படித்த நமக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

அரசுகளுக்கு எப்போதும் ஒற்றுமை பிடிக்கும். குஜராத்தில் 2001லிருந்து சம்ரஸ் என்று ஒரு திட்டம்: போட்டியில்லாமல் பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுக்கிற ஊருக்குப் பணம். நம் பக்கம் திட்டம் இல்லை, ஏலம் உண்டு. கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று கேட்டவருக்குத் தலைவர் பதவி, மற்றவர்கள் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளணும். பெயர்ப் பலகையில் 'போட்டியின்றித் தேர்வு' என்று பெருமையாக வரும். யார் சுமப்பது என்கிற கேள்வியே எழாத ஊர்.

தத்துவப் பக்கம் கொஞ்சம் சொல்லிவிட்டு ஏகனாபுரம் போகிறேன். ராலஸ், ஹேபர்மாஸ் வழி வருகிறவர்கள் நியாயமான மனிதர்கள் நியாயமாகப் பேசினால் ஓர் உடன்பாட்டை நெருங்கலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறார்கள். ஷந்தால் மூஃப் அதை மறுக்கிறார்: உடன்பாடு என்று நீங்கள் சொல்வது எப்போதும் யாரையோ வெளியே தள்ளித்தான் கிடைக்கிறது, மோதலை ஒழிக்க முடியாது, எதிரியை எதிராளியாக மாற்றுவதுதான் ஜனநாயகத்தின் வேலை. அழித்துத் தீர்க்க வேண்டியவன் எதிரி. தோற்கடிக்க நினைத்தாலும் அவன் பேசும் உரிமையை ஒப்புக்கொள்கிறோமே, அவன் எதிராளி. உத்திரமேரூர்க் குடத்தைப் பார்த்த பிறகு முதல் பாதியில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டாவது பாதியில்தான் மனசு நிற்க மாட்டேனென்கிறது. எதிரி எப்படி எதிராளி ஆகிறான்? மேலவளவில் யார் அதைச் செய்வது? மூஃப் புத்தகங்களில் ஆசை இருக்கிறது, சண்டையின் அழகு இருக்கிறது, நீதிமன்றமும் நோட்டீஸும் தீர்மானப் புத்தகமும் குறைவு. மோதலைப் புகழ்கிற எழுத்தில் பொதுவாகவே இந்தக் குறை உண்டு. தோற்றவன் மறுநாள் காலையில் எங்கே போய் நிற்பான் என்பதை அது கேட்பதில்லை.

ஏகனாபுரத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வி தினசரிக் கேள்வி. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. பதின்மூன்று கிராமங்களின் நிலம். வயல், ஏரி, கம்பன் கால்வாய் எல்லாம் அடக்கம். ஏகனாபுரத்தில் வேலையெல்லாம் முடிந்து சாயங்காலம் கூடி உட்கார ஆரம்பித்த போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டியும் போனது. கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் பத்துத் தடவைக்கு மேல் போட்டாங்க. 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். அரசு நகரவில்லை. 2025இல் சுற்றுக் கிராமங்களில் சிலர் நிலத்தைப் பதிந்து கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். விமான நிலையம் வேணுமா வேண்டாமா என்பது தனி விவாதம். சென்னைக்கு இடம் போதவில்லை என்பதையும் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு: அந்தப் பத்துத் தீர்மானம் சட்டத்தின் கண்ணில் என்ன?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தின் 243அ பிரிவு, மாநிலச் சட்டம் என்ன அதிகாரம் கொடுக்கிறதோ அதைக் கிராம சபை செய்யலாம் என்கிறது. அதாவது குடத்தின் வாயளவை மாநிலம் தீர்மானிக்கும். 2013இன் நில எடுப்புச் சட்டம் தனியாருக்கு நிலம் எடுத்தால் 80 சதவீதம், அரசு-தனியார் கூட்டு என்றால் 70 சதவீதம் குடும்பங்களின் ஒப்புதல் வேணும் என்றது. சமூகத் தாக்க மதிப்பீடு வேணும் என்றது. தமிழ்நாடு உடனே அதில் 105அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1997இன் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றம் புதிதாக ஒரு சட்டம் போட்டுப் பழையதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. பரந்தூர் நிலம் எடுப்பது அந்த 1997 சட்டத்தின் கீழ்தான். எல்லாம் முறைப்படி. பலாப்பழ முறையும் முறைதான்.

ஒடிசாவின் நியமகிரியில் இதே கேள்விக்கு வேறு பதில் கிடைத்தது. வேதாந்தாவின் பாக்சைட் சுரங்க விவகாரத்தில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. பன்னிரண்டு கிராம சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதியை மறுத்தது. டோங்ரியா கோண்டுகள் ஏகனாபுரத்தாரைவிடப் பலமாகச் சத்தம் போட்டார்கள் என்பதா காரணம்? அவர்கள் கையில் 2006இன் வன உரிமைச் சட்டம் இருந்தது. அந்தச் சட்டமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல, ஆதிவாசிகள் பல வருஷம் சண்டை போட்டு வந்தது. முந்தைய சண்டை விட்டுப்போன சட்டத்தில் ஏறி நின்று அடுத்த சண்டையைப் போட்டார்கள். சமவெளி விவசாயிக்கு அந்தப் படி இல்லை.

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசிய பேச்சைப் போராட்டக்காரர்களுக்கு எதிராக அடிக்கடி எடுத்து வீசுவார்கள்: ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாவற்றையும் இனிக் கைவிட வேண்டும், அது அராஜகத்தின் இலக்கணம் என்றார். சொன்னவர் 1927இல் மகாத் குளத்தில் இறங்கியவர். அதோடு அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார், அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கிற இடத்தில் என்று. மேடையில் இந்த நிபந்தனை விழுந்துவிடுகிறது. வழி திறந்திருக்கிறது என்றால் என்ன? மனு கொடுக்க ஒரு ஜன்னல் இருந்தால் போதுமா, மனுவால் ஏதாவது மாற வாய்ப்பு இருக்கணுமா? அம்பேத்கரைப் படித்தவரையில் அவர் இரண்டாவதைத்தான் நினைத்தார் என்று நான் நம்புகிறேன். வாதாட விரும்புகிறவர்கள் எழுதுங்கள்.

ஏரி மாவட்டத்துக்காரன் என்பதால் இது எனக்குக் கலங்கலாகத்தான் தெரிகிறது. கலங்கல் ஏரியை வற்ற வைக்க அல்ல, கரையைக் காப்பாற்ற. தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறினால் வழியணும் என்று கட்டும்போதே அளவு பார்த்து வைப்பார்கள். கரை மட்டத்துக்கே கலங்கலை உயர்த்திவிட்டு 'கலங்கல் இருக்குதே' என்றால் எப்படி?

கொஞ்ச நாள் முன்பு ஒரு கிராம சபையில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். வருஷத்துக்கு ஆறு தடவை நடப்பதில் ஒன்று. தீர்மானங்கள் ஏற்கனவே எழுதியிருந்தன. செயலர் மளமளவென்று வாசித்தார். பெண்கள் நூறுநாள் வேலைச் சம்பளம் எப்போ வரும் என்று கேட்டார்கள். அது இந்தக் கூட்டத்துப் பொருள் இல்லை என்று பதில். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏம்பா, எல்லாத்தையும் எழுதிட்டு வந்துட்டு எங்களை எதுக்குக் கூப்புட்ட?"

"கையெழுத்துக்குங்க ஐயா."

எல்லாரும் சிரித்தோம். செயலரும் சிரித்தார், அவர் ஒன்றும் மோசமான ஆள் இல்லை. பெரியவர் மட்டும் உட்காரவில்லை. "அப்ப நான் சொல்றதையும் எழுது. எழுதுறியா, இல்லையா?" என்று நின்றார். குடிநீர்க் குழாய் பற்றிய புகார்தான், பெரிய அரசியல் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் வாக்குவாதம். கடைசியில் செயலர் பேனாவைத் திறந்து, அச்சடித்த வரிகளுக்குக் கீழே கையால் எழுதினார். பெரியவர் மேசை வரைக்கும் நடந்து போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதியது தான் சொன்னதுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.